கம்பியா, ட்ராக்கா?

“உங்க வீட்டு ஜன்னல்ல என்ன மாட்டியிருக்கீங்க?”

“ரெண்டு ஆணி, ஒரு நைலான் கயிறு, ஒரு பழைய போர்வை.”

“ஊருக்கெல்லாம் திரை தைக்கிறவங்க வீட்லயா? கயிறு தொய்யுமே.”

“தொய்யுதுதான். நடுவுல துணி கிளிப் போட்டு ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம்.”

அவர் சிரிக்கவில்லை. “தைச்சு முடிச்சதும் சொல்லுங்க. வேண்டியதை நானே பார்த்து வாங்கிட்டு வந்து மாட்டித் தர்றேன்” என்றார்.

பத்து மாதங்களுக்கு முன்பு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குத் திரை மாட்டும்போது நடந்த பேச்சு அது. நான் திரைச்சீலை தைப்பவள். அவர் அதற்கான கம்பி, ட்ராக் எல்லாம் பொருத்துபவர். நாலு வருடமாக நான் தைக்கும் இடங்களில் அவர்தான் மாட்டுகிறார். எதன் மீதும் ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் நகரமாட்டார் என்பதால் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு வீட்டில் டீ கொண்டுவந்து வைத்த மேசையையும் விடவில்லை. அதன் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்த பிறகுதான் டீயைத் தொட்டார்.

ஒரு ஜன்னலுக்குத் திரை தைக்க எனக்கு ஒரு மாலை போதும். பத்து மாதம் இழுத்தடித்ததற்குக் காரணம் வேறு. அவர் எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் ஒன்று கேட்க வேண்டும் என்று வெகுநாளாக மனதில் வைத்திருந்தேன். தைக்க உட்காரும்போதெல்லாம் தைரியம் வராமல் துணியை மடித்து உள்ளே வைத்துவிடுவேன். முப்பத்தெட்டு வயதில் வெட்கம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவர் முடியாது என்றுவிட்டால் மாப்பிள்ளையும் போச்சு, ஃபிட்டரும் போச்சு. நல்ல ஃபிட்டர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான், அதுவும் தீராத சண்டை. அவர் கம்பிக் கட்சி. திரையின் மேல் விளிம்பில் வளையங்களைப் பதித்துத் தடித்த கம்பியில் கோத்துவிட்டால் இரண்டு பிராக்கெட், நாலு ஸ்க்ரூ, வேலை முடிந்தது என்பார். இழுத்தால் கறகறவென்று பல் கூசுகிறதே என்பேன் நான். நான் ட்ராக் கட்சி. மடிப்பு மடிப்பாகப் பிடித்துத் தைத்து, மெல்லிய ட்ராக்கில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் துணி விழுகிற அழகே தனி. அத்தனை கொக்கியும் மாட்டுவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்கிறதே என்பார் அவர். யார் பக்கம் சாய்வதென்று தெரியாமல் வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள்.

போன வாரம் ஒருவழியாகத் துணிந்து தைத்து முடித்தேன். ஜன்னல் அளவை மட்டும் அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை தோளில் நீள அட்டைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கதவைத் திறந்தது அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

“வாங்க தம்பி. உங்களை எதிர்பார்த்து எங்க போர்வைக்கே வயசாயிடுச்சு.”

வந்தவர் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை ட்ராக், ஒரு பை நிறையக் கொக்கிகள், ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் இறக்கும் பிளக்குகள், நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு கிளாம்ப். கடையில் இருந்த நாலு வகை ட்ராக்கையும் காதருகே வைத்து இழுத்துப் பார்த்து, சத்தமே வராத ஒன்றை எடுத்தாராம். வாங்கப்போவது ட்ராக்கா ரேடியோவா என்று கடைக்காரர் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

நான் திரையைப் பிரித்தேன். ஒரு மடிப்பு கிடையாது. பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு பித்தளை வளையங்கள். அவர் வழக்கமாகப் போடும் கம்பியின் வெட்டுத்துண்டு ஒன்றைப் போன மாதமே கேட்டு வாங்கி, அது நுழைகிற அளவு பார்த்துப் பதித்தவை.

அவர் வளையத்தைப் பார்த்தார். நான் கொக்கியைப் பார்த்தேன்.

அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. ஊருக்கே அளந்து கொடுக்கும் இரண்டு பேருக்கு ஒரு வீட்டு ஜன்னல் தண்ணி காட்டிவிட்டதே என்றார்.

வளையங்களைப் பிரித்து மடிப்பு வைத்து, மதியத்துக்குள் தைத்துவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், ட்ராக்கைத் திருப்பிக் கொடுத்துக் கம்பி வாங்கி வருகிறேன் என்றார். ட்ராக்தான் சத்தம் போடாது என்றேன். கம்பி போட்டாலும் துணி அழகாகத்தான் விழும் என்றார். உங்கள் கழுத்து என்ன ஆவது என்றேன். உங்கள் பல் என்ன ஆவது என்றார்.

“நேத்து வரைக்கும் எதிர்க்கட்சி” என்றார் அப்பா. “இன்னிக்கு ரெண்டு பேரும் கட்சி மாறியும் சண்டை ஓயலையே. டீ போடறேன், அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க.” உள்ளே போய்விட்டார்.

அறையில் நாங்கள் இருவரும், தரையில் நீண்டு கிடந்த ட்ராக்கும். அவர் ஒரு கொக்கியை எடுத்து வளையத்துக்குள் நுழைத்துப் பார்த்தார். அது நுழைந்து, பிடிக்க இடமில்லாமல் கீழே விழுந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் துணியை மடித்து உள்ளே வைக்கவில்லை. நாலு வருடமாக நான் புலம்பியதை எல்லாம் அட்சரம் பிசகாமல் கேட்டு வைத்திருக்கிற மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு என்ன பயம்? சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். கேட்கட்டும்.

“ஜன்னலை விடுங்க” என்றேன். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”