வழியனுப்பும் பாடம்

…சத்தமே கேட்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது, தினமும் வீடு அதிரக் கதவை அறைந்துவிட்டுப் போகிற மனிதர் இன்று பூனை மாதிரி சாத்திக்கொண்டு போனார், கையில் அந்தச் சாம்பல் நிறப் பை, அதில் நாலு சட்டை, ஷேவிங் சாமான்… "கொஞ்ச நாள் ஃப்ரெண்டு ரூம்ல இருந்துக்கறேன், உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று சொன்னபோது குரல்கூட உயரவில்லை, உயர்ந்திருந்தால் பதிலுக்கு உயர்த்தித் தொலைத்திருக்கலாம். இவள் என்ன சொன்னாள்? வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். திரும்ப வருவாரா மாட்டாரா… சீ, குழந்தையின் வகுப்பறையில், முழங்கால் மோவாயில் முட்ட இந்தப் பொம்மை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதையா நினைப்பது? எதிரே விரிப்பில் இருபது பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்து முகம், எல்லாம் இவளையே பார்க்கின்றன. மழைக்குப் பயந்த யானையின் கதையை இவள் தமிழில் சொல்லி முடித்திருந்தாள். ஒரு சொல் புரிந்திருக்காது, ஆனால் யானை தும்மியபோது இவளும் தும்மிக் காட்டினாள், அதற்குப் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தன. நடுவில் இவள் பெண், வீட்டில் கூப்பிடுவது குண்டுமணி, 'என் அம்மாவாக்கும்' என்று தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. அந்தத் தோளுக்காகவே இன்னும் நாலு தும்மல் தும்மலாம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் மொழிக்கு ஒரு நிறம். நீல ஏப்ரன் கட்டிய டீச்சர் ஒரு மொழிதான் பேசுவார், தலைகீழாக நின்றாலும் வேறு மொழியில் பதில் வராது. பச்சை ஏப்ரன் வந்தால் வேறு மொழி. பாலர் வகுப்பிலிருந்தே அப்படி. பிள்ளைகள் நிறத்தைப் பார்த்ததும் நாக்கைத் திருப்பிக்கொள்கின்றன, பெற்றவர்களுக்குத்தான் வாயில் கொழுக்கட்டை. அக்காவிடம் வீடியோவில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறாள், "வாயத் தொறந்தா மூணு மொழிக்கா, எனக்கே திட்டறாளா கொஞ்சறாளான்னு தெரியல" என்று… அட்மிஷனுக்கு வந்த அன்று அந்த ஊதா சோபாவில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து சிரித்த சிரிப்பை நினைத்தால், கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. வாசலில் சண்டை போட்டுவிட்டு, உள்ளே போனதும் அவர் இவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்! தலைமை டீச்சர் சொன்னார், உங்கள் மொழியை வீட்டில் கஞ்சத்தனம் இல்லாமல் பேசுங்கள், குழந்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று. இரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். சொன்ன சொல் தவறவில்லை, கஞ்சத்தனம் இல்லாமல்தான் பேசினார்கள், காலையிலும் ராத்திரியிலும்.

நீல டீச்சர் கைதட்டினார். இனி ஆச்சரியம் ஒன்று இருக்கிறதாம். இந்த வகுப்பில் மாதம் ஒரு பிள்ளையின் வீட்டு மொழி, அந்த வீட்டில் வெளியே கிளம்புகிறவரை எப்படி வழியனுப்புவார்களோ அதை அந்தப் பிள்ளையே எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கும், மாதக் கடைசியில் கதை சொல்ல வரும் பெற்றோரை அதே மாதிரி வழியனுப்புவார்கள். போன மாதம் ஒரு பையனின் அப்பாவை நெற்றியோடு நெற்றி முட்டி அனுப்பினார்களாம். இந்த மாதம் உங்கள் பெண்தான் டீச்சர், ரொம்பக் கண்டிப்பான டீச்சர் என்று அவர் சிரிக்க, குண்டுமணி எழுந்து முன்னால் வந்து கவுனை இழுத்துவிட்டுக்கொண்டது. இவளுக்கு முன்கூட்டியே கண் கலங்கிவிட்டது. போயிட்டு வாங்க, அதைத்தான் சொல்லப்போகின்றன, இருபது தேசத்து வாயும் சேர்ந்து… 'போறேன்'னு சொல்லாதே, 'போயிட்டு வரேன்'னு சொல்லு, என்று தலையில் குட்டிக் குட்டி வளர்த்த அம்மா இதைக் கேட்டால் எப்படிப் பூரித்துப்போவாள்! அக்காவுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்து வீடியோவைத் தட்டினாள்.

குண்டுமணி விரலை உயர்த்தியது. மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுந்து, சொல்லி வைத்தாற்போல, இவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பின. கைகளை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டன. எல்லாக் குரலும் ஒன்றாக, பால் மணம் மாறாத குரல்கள், "போங்க! திரும்பி வராதீங்க!" சொல்லி முடித்ததும் முகமெல்லாம் புள்ளி போட்ட ஒரு பையன் ஓடிப்போய்ப் பொம்மை அலமாரியின் கதவை டமார் என்று அறைந்தான். ரொம்ப நாள் ஒத்திகை பார்த்த கை. இது எங்கேயோ கேட்ட குரல், அந்த 'போங்க'வில் முதல் எழுத்தை அழுத்துவது, 'வராதீங்க'வைக் கடைசியில் கத்தரித்தாற்போல வெட்டுவது… ஐயோ, இது என் குரல். கோபத்திலும் 'ங்க' போட்டுத் திட்டும் என் மரியாதைகூட அப்படியே. கைகட்டு என்னுடையது. முதுகு என்னுடையது. டமார் அவருடையது. கூசியது, உடம்பெல்லாம் கூசியது, நடு வகுப்பில் சேலை அவிழ்ந்து நிற்பதுபோல இருந்தது. மானம் கப்பலேறும் என்பார்கள், இவள் மானம் இருபது தேசத்துக்கும் கப்பலேறிப் போய் இறங்கியே விட்டது! மாதம் முழுக்கப் பழகியிருக்கின்றன, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் காட்டாமல் இருக்குமா? எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் ஆபீசுக்குக் கிளம்பும்போது 'போங்க, திரும்பி வராதீங்க' கேட்டு, பிள்ளை புது மொழி பேசுகிறது என்று முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்களோ… போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தரையைப் படம் பிடித்துக்கொண்டு.

டீச்சர் பக்கத்தில் வந்து, அழகாக இருக்கிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எங்களுக்கு உங்கள் மொழி தெரியாதே, வேலைக்குக் கிளம்புகிறவரிடம் சொல்வது என்று மட்டும் உங்கள் பெண் சொன்னாள் என்றார். பத்திரமாகப் போய்ச் சீக்கிரம் வாருங்கள் என்று அர்த்தம், என்று அரைகுறையான அவர் மொழியில் இவள் சொன்னாள், எவ்வளவு சரளமாக வந்தது பொய், அந்த மொழியில் இலக்கணப் பிழை இல்லாமல் இவள் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டு சொன்ன பிள்ளைகளைக்கூட உங்கள் பெண் விடமாட்டாள் தெரியுமா, சிரிக்கக் கூடாது என்று திருத்துவாள், என்றார் டீச்சர். சிரிக்கக் கூடாதாம். குண்டுமணி வந்து இவள் கையைப் பிடித்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "யாருடி செல்லம் இத சொல்லிக்குடுத்தா?" என்று குனிந்து காதோடு கேட்டாள். "நீதாம்மா. அப்பா போறப்ப நம்ம வீட்ல இப்டித்தானே சொல்லுவோம்?" சொல்லுவோமாம். அந்த 'வோம்'மில் தன்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டது குழந்தை. கோபம் இல்லை, வருத்தம் இல்லை, மற்ற வீட்டில் நெற்றி முட்டுவார்கள், நம் வீட்டில் முதுகைத் திருப்புவோம், அவ்வளவுதான் அதற்கு. "எல்லாரும் கரெக்டா சொன்னாங்களாம்மா?" "கரெக்டாத்தான்டா சொன்னாங்க." அதைவிட என்ன சொல்ல? "இன்னும் முடியலம்மா. இப்ப நீ போகணும். திரும்பிப் பாக்கக் கூடாது. அப்பா பாக்கமாட்டார்ல?"

வராந்தாவில் வரிசையாகத் தொங்கும் குட்டி மழைக்கோட்டுகள், அதன் கீழே குட்டிக் குட்டிச் செருப்புகள், கண்ணில் எதுவும் பதியவில்லை, கால் தானாக நடந்தது. இன்னும் முடியலையாம், இன்னும் என்ன பாக்கி? திட்டு ஆயிற்று, முதுகு ஆயிற்று, கதவு ஆயிற்று. கதவுக்கு அப்புறம் நம் வீட்டில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லையே, பாத்திரம் கழுவுவேன், துணியை மடிப்பேன்… முற்றத்து மணலில் இறங்கினாள். ஊஞ்சல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் தடதடவென்று பாதங்கள் ஓடும் சத்தம், இருபது சோடிப் பாதங்கள், எங்கே ஓடுகின்றன? அப்போதுதான் சுரீர் என்றது. கதவு அறைந்த கையோடு இவளும் போவாளே, ஜன்னலுக்கு. குப்பை வண்டி வந்ததா என்று பார்க்க, மழை வருமா என்று பார்க்க, தனக்குத்தானே தினம் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு, திரைச்சீலை ஓரத்தில் நின்று ஒற்றைக் கண்ணால், அவர் முனை திரும்பும் வரைக்கும். இன்றைக்கும் நின்றாளே, அந்தச் சாம்பல் பை முனை திரும்பிய பிறகும் நின்றாளே. குழந்தை மேஜையில் உட்கார்ந்து பாலில் பொம்மையை முக்கிக்கொண்டிருக்கிறது என்றல்லவா நினைத்தாள்? அதையுமா பார்த்தது? அதையுமா சொல்லிக்கொடுத்தது?

திரும்பக் கூடாது என்றது குழந்தை. திரும்பினாள். பெரிய ஜன்னல் முழுக்க முகங்கள், மூக்கு நசுங்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் சிரிக்கவில்லை. ஓரத்தில், திரைச்சீலையைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் குண்டுமணி. எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது இங்கிருந்து! ஒளிந்திருப்பதாக நினைப்பது உள்ளே இருப்பவளுக்குத்தான், வெளியே நிற்பவருக்கு அந்தக் கண், அந்த விரல், எல்லாம் தெரிகிறது. ஒரே ஒரு நாள் அவர் திரும்பியிருந்தால்… இல்லை, என்றைக்காவது திரும்பியிருந்து, பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தாரா? பார்த்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போவாரா? கண்ணாடிக்குப் பின்னால் குண்டுமணி திரைச்சீலையை விட்டுவிட்டது. வாய் லேசாகத் திறந்தது. போகிறவர் திரும்பினால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது, வீட்டில் அது நடந்ததே இல்லை, யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாய் முகத்தைத் திருப்பித் தங்கள் குட்டி டீச்சரைப் பார்த்தன, அடுத்து என்ன என்று. குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா மணலில் நின்றாள், பாதி தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்.