ஸம்ஸம் ஊற்றிய கம்பியூட்டர்

"இன்னும் நாலு தேசிக்காய் வெட்டுங்க ராத்தா. கெதியா!"

குசினித் தொட்டியில் நஜாத், கம்பியூட்டரிலிருந்து கழற்றிய செப்புக் கட்டியைத் திறந்து கவிழ்த்தான். ரபியா சாற்றைப் பிழிந்தாள். கட்டிக்குள்ளிருந்த நுண்ணிய பள்ளங்கள் முழுக்க, கேத்தலடியில் பிடிப்பதுபோல் சுண்ணாம்பு. அவற்றுக்குள் தண்ணீர் ஓடினால்தான் கம்பியூட்டர் சூடாறும். ஓடாததால் இரண்டே நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

அறையில் அவள் கணவன் ஜௌபருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டையை அறுத்துக் குரல் போகுமுன், நாலு வயது மகள் அமானிக்கென்று அவன் பேசிப் பதிந்தது அந்தக் கம்பியூட்டரில்தான் இருக்கிறது. அவனுடைய விரல் ரேகைக்குத்தான் அது திறக்கும். இரகசிய இலக்கத்தைச் சொல்லக் குரலும் இல்லை, எழுத நினைவும் இல்லை.

"என்ன தண்ணி ஊத்தினீங்க? மச்சான் இதுக்கெண்டே போத்தல் வச்சிருந்தாரே?"

"ஸம்ஸம்" என்றாள். "அவர் ஆஸ்பத்திரில இருக்கக்குள்ள தண்ணி குறைஞ்சிருந்திச்சு. உம்ராவுக்குப் போய் மக்காவுல இருந்து கொண்டுவந்தது கொஞ்சம் இருந்த. பரக்கத்தா இருக்கட்டும் எண்டு..."

தம்பி ஏசியிருந்தாலாவது பரவாயில்லை. அவன் இன்னொரு தேசிக்காயை எடுத்துத் தேய்த்தான். ரபியாவுக்குத் தன் கையையே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

கட்டியைப் பொருத்திப் பூட்டி, கம்பியூட்டரைக் கட்டிலோரம் கொண்டுபோய் வைத்தார்கள். ஜௌபரின் தங்கை ஜுனைதா யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். ரபியா அவன் விரலைப் பிடித்து வைத்தாள். திறந்தது.

"பொறுங்க, முதல்ல பெண்டிரைவுல கொப்பி எடுப்பம்..." என்றான் நஜாத்.

அதற்குள் அவள் கை பதிவை அழுத்திவிட்டது.

"அமானி, வாப்பா..."

நிலத்தில் விளையாடிய பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். திரை இருண்டது.

"நடுவுல இன்னும் அடைச்சிருக்கு. தண்ணி லேசான பக்கத்தால ஓடிப்போகுது, சூடான இடத்துக்குப் போகுதில்ல. பத்து நிமிசம் தாங்க ராத்தா." நஜாத் மறுபடி கட்டியைக் கழற்றிக்கொண்டு குசினிக்கு ஓடினான்.

"யா அல்லாஹ், பத்து நிமிசம். பத்தே பத்து நிமிசம்." ரபியா கணவனின் நெஞ்சை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஏழாவது நிமிடத்தில் அது அடங்கியது. ஜுனைதா "இன்னா லில்லாஹி" சொல்லி அவன் கண்களை மூடிவிட்டாள்.

ஈரக் கையோடு வந்த நஜாத் வாசலிலேயே நின்றான்.

"பூட்டு" என்றாள் ரபியா.

பூட்டினான். இம்முறை நிற்கவில்லை. பத்து நிமிடமாகியும் சூடு ஏறவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நன்றாக ஓடியது. திரை விரலைக் கேட்டது.

அவள் ஜௌபரின் விரலைத் துடைத்து வைத்தாள். திறக்கவில்லை. வாயால் ஊதிச் சூடாக்கி மறுபடி வைத்தாள்.

"மதினி, விடுங்க. வாய் திறந்துபோகும், நாடியக் கட்டணும்" என்றாள் ஜுனைதா, வெள்ளைத் துணியைக் கிழித்தபடி.

அமானி திரைக்கு முன்னால் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "உம்மா, வாப்பா இன்னும் கதைக்கல்லியே?"

ரபியா அடுத்த விரலை எடுத்தாள்.