வெளிப்பக்கமாகச் சுற்றிய கம்பிகள்

பழைய கிதாரின் வயதைச் சொல்வதில் டார்ச்சக்காவின் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாருமில்லை. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி ஒன்று, ஒரு டார்ச். இரண்டையும் கிதாரின் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்து வருஷத்தைச் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டில்தான் ஒருவன் வயதைப் பற்றி அவளுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. ஆற்றில் குளிக்கப் போன தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷமாயிற்று. யாராவது அவன் வயதைக் கேட்டால் அம்மா, "இருபத்திரண்டு" என்பார். இவள் வெடுக்கென்று, "இப்ப முப்பத்தொண்ணு" என்பாள். செத்ததைக் கண்ணால் பார்த்தது யார்? அதனால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

அன்று மத்தியானம் அவள் முன்னறையில், சுவரில் மாட்டிய கிதார்களுக்கு நடுவே, பழுதுபார்க்கும் வேலையாக இருந்தாள். உள்ளே அம்மாவின் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு கிதாரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"புதுசுன்னு சொல்லி பழசை என் தலையில கட்டிட்டாங்கம்மா. எத்தனை வருஷப் பழசுன்னு சொல்லுங்க, அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நீங்க வாசிச்சீங்களா?"

"ஒரே ஒரு தடவை. பூனையை மிதிச்சிட்டீங்களான்னு என் வீட்டுக்காரி கேட்டா. அதோட சரி."

அக்கா சிரித்துக்கொண்டே டார்ச்சை அடித்தாள். உள்மரம் நேற்று இழைத்ததுபோல் வெளுப்பு. மர வாசனைகூடப் போகவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் எண் போட்ட சீட்டை எவனும் மாற்றி ஒட்டலாம், ஆனால் பசை மஞ்சளாவதற்கு வருஷங்கள் வேண்டும். இதில் மஞ்சளே இல்லை. போன வருஷம் செய்தது, சந்தேகமேயில்லை.

வெளியே பார்த்தால் கதை வேறு. கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகள் கம்பி அழுந்தி அழுந்திப் பள்ளமாகியிருந்தன. ஓட்டைக்குக் கீழே, சுண்டுவிரலை ஊன்றியே வாசித்தால் விழும் குழி. கிதாரின் தலையில் ஆறு கம்பிகளும் முறுக்காணிகளில் வெளிப்பக்கமாகச் சுற்றியிருந்தன. ஊர் உலகமெல்லாம் உள்பக்கமாகத்தான் சுற்றும். இப்படிச் சுற்றுகிற ஒரே கிறுக்கன் அவள் தம்பி. சுண்டுவிரலை ஊன்றுகிறவனும் அவன்தான். இதற்காக எத்தனை தடவை அவன் தலையில் குட்டியிருப்பாள்!

போன வருஷத்துக் கிதாரில் அவன் கை பட்டிருக்கிறதென்றால், அவன் உயிரோடு இருக்கிறான்!

"இது யார் கையில இருந்துச்சு?" அவசரமாகக் கேட்டாள்.

"யார் கையிலயும் இல்லம்மா! சீல் வெச்ச பெட்டி, நானே பிரிச்சேன். அன்னிக்குப் பளபளன்னுதான் இருந்துச்சு. பீரோ மேல வெச்சேன், யாரும் தொடலை. தினம் கொஞ்சம் கொஞ்சமா இந்தக் கோலமாயிடுச்சு. ஏதோ பாலிஷ் போட்டு மறைச்சிருக்கான் படுபாவி, அது உரியுது."

மரத்தில் ஏது உரிவது? தேய்ந்தல்லவா இருக்கிறது! அக்கா அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தாள்.

அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அவள் பிடிவாதமாக ஆறு கம்பிகளையும் தளர்த்தி, உள்பக்கமாகச் சுற்றி, கிதாரை மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவ உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது ஆறும் வெளிப்பக்கமாகச் சுற்றியிருந்தன. அவர் இன்னும் வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார். அக்கா கிதாரின் கழுத்தைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

அக்கா அலறவில்லை. "டேய், உள்பக்கமாச் சுத்துடான்னு எத்தனை தடவைடா சொல்றது?" என்றாள், மெதுவாக.

ஒரே ஒரு கம்பி அதிர்ந்து ஓய்ந்தது.

உயிருள்ள கை இப்படி வராது. அது அவளுக்கு விளங்கிவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

மருந்துக்கடைக்காரர் பதறிப்போய் உள்ளே வந்தார். "என்னம்மா அழறீங்க? அவ்வளவு பழசா?"

"இது இங்கயே இருக்கட்டும். அதுக்குப் பதிலா அதோ, சுவர்ல இருக்கற அந்தப் புதுசை எடுத்துட்டுப் போங்க."

"சரிம்மா, நான் கொண்டாந்த இதுக்கு என்ன வயசுன்னாவது சொல்லுங்களேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு," என்றாள்.

உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது.