நடுக்களத்துக்கு இரண்டு விசில்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் யாரம்பில் கிளப்பின் வாரத்தாளில் அரைப்பக்கம் காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான் காரணம்.

"சிட்டோ, நீ ஏதோ எழுதுவியாமே? நம்ம நடுக்களம் ஏன் இப்படி நாறுதுன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடு," என்றாள் க்ளெனிஸ். செம்மறி வளர்ப்பவள், எங்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளரும் அவள்தான். சிதம்பரநாதன் என்ற என் பெயரை இந்த ஊர் நான் வந்த வாரமே சிட்டோ என்று நறுக்கிவிட்டது. வார நாட்களில் கோதுமைக் கிடங்கில் வேலை. சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்று, கோலா இல்லையா என்று விரல் காட்டிச் சொல்லும் கோல் நடுவர்.

கட்டுரை இப்படித் தொடங்கியது: "ஆட்டம் நின்று, நடுவர் பந்தை மறுபடியும் மேலே எறியும் ஒவ்வொரு தருணத்திலும், பந்து எந்தத் திசையில் தட்டப்படும் என்பதை நடுக்கள வீரர்கள் முன்கூட்டியே உணர்ந்து, ஒருங்கிணைந்த"

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதனால் கதையாக எழுதுகிறேன், அதுவும் தமிழில். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி விலக, மைதானத்தின் ஓரத்தில்" (வேண்டாம். மூடுபனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "ஹேமிஷ் ஆறடி பத்தங்குலம்." (உண்மை. ஆனால் நம்பமாட்டீர்கள். உங்களுக்காக இரண்டங்குலம் குறைத்துக்கொள்கிறேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் ஊர்க் கால்பந்தில் கைக்கும் வேலை உண்டு, பந்து முட்டை வடிவம். நடுவர் அதை மேலே எறிவார். ஹேமிஷ் எகிறித் தட்டுவான். கீழே நிற்கும் ஆல்ஃபி அதைப் பொறுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே ஓட வேண்டும். எகிறுவதில் ஹேமிஷை அடிக்க ஆளில்லை. ஆனால் அவன் இடப்பக்கம் தட்டினால் ஆல்ஃபி வலப்பக்கம் நிற்பான். பந்து சமர்த்தாக எதிரணிக்காரன் மடியில் போய் உட்காரும்.

அந்தப் பருவம் முழுக்கத் தோல்வி. கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் மெர்டனோடு. அதிலும் தோற்றால் எங்கள் அணியைக் கலைத்து மெர்டனோடு சேர்த்துவிடுவது என்று சங்கம் முடிவு செய்துவிட்டது.

"மெர்டன்காரன் சட்டையைப் போடுறதுக்குப் பதிலா நான் பாவாடை கட்டிட்டு பொண்ணுங்களோட நெட்பால் ஆடப் போறேன்," என்றான் ஹேமிஷ்.

"உன் அளவுக்குப் பாவாடை தைக்க ஊர்ல துணி கிடையாதுடா," என்றான் ஆல்ஃபி.

சிரித்தோம். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

3

ஆல்ஃபி மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ஒருவன் எப்படி ஒவ்வொரு முறையும் தப்பான பக்கமே நிற்பான்? அதற்காக முதல் வரைவில் ஒரு பகையை நுழைத்தேன். ஊர்க் கண்காட்சியில் ஹேமிஷின் அம்மா செய்த பழக்கேக்கை ஆல்ஃபியின் அத்தை செய்த கேக் ஜெயித்துவிட்டது, அன்றிலிருந்து இரண்டு பேரும் (அடித்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுபவர்கள்.)

உண்மைக் காரணம் பயிற்சியின்போது க்ளெனிஸ் கேட்ட கேள்வியில் வெளியே வந்தது.

"ஹேமிஷ், எந்தப் பக்கம் தட்டப்போறேன்னு இவன்கிட்ட சொல்லுவியா மாட்டியா?"

"எனக்கே தெரியாதே க்ளெனிஸ். கை பட்டப்புறம்தான் தெரியுது."

க்ளெனிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.

4

அது மந்தை ஓட்டும் தன் நாய்க்கு அவள் அடிக்கும் விசில். நாயின் பெயர் பிஸ்கட். இரண்டு குட்டை விசில் என்றால் இடப்பக்கம், ஏறிப்போகும் விசில் என்றால் வலப்பக்கம், ஒரே நீட்டு என்றால் இருந்த இடத்திலேயே படு.

"பிஸ்கட் ஒரு வாரத்துல புடிச்சுக்கிச்சு. உங்களுக்கு ரெண்டு வாரம் தர்றேன்டா," என்றாள்.

இரண்டு வாரம் தேவைப்படவில்லை. எல்லாரும் செம்மறிப் பண்ணையில் பிறந்தவர்கள். மூளைக்குப் போகாமலே விசில் நேராகக் காலுக்குப் போயிற்று. ஹேமிஷ் இடப்பக்கம் தட்டினான், ஆல்ஃபி இடப்பக்கம் பாய்ந்தான். நீட்டு விசிலுக்கு ஹேமிஷ் ஒருமுறை சேற்றில் குப்புறப் படுத்தே விட்டான். க்ளெனிஸ் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.*

(* அன்று பிஸ்கட் வயிறு சரியில்லாமல் வீட்டில் கிடந்தது. கைதேர்ந்த எழுத்தாளன் இதை இங்கே உளறியிருக்க மாட்டான்.)

5

ஆட்ட நாள், மழை. வழக்கம்போல ஊரே எல்லைக் கோட்டைச் சுற்றி வண்டிகளை நிறுத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல ஒவ்வொரு வண்டியின் பின்தட்டிலும் ஒரு நாய், சிலதில் இரண்டு. சனிக்கிழமை தவறாமல் பார்க்கும் காட்சி என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

மெர்டன்காரர்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று க்ளெனிஸ் கடைசி நிமிடம்வரை விசிலை அடக்கி வைத்திருந்தாள். அப்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். நடுவர் பந்தை எறிந்தார். இரண்டு குட்டை விசில்.

ஹேமிஷ் இடப்பக்கம் தட்டினான். ஆல்ஃபி இடப்பக்கம் பாய்ந்தான். அவர்களோடு யாரம்பில் வட்டாரத்து நாய்கள் அத்தனையும் வண்டியிலிருந்து குதித்து இடப்பக்கம் பாய்ந்தன.

நாய்களைக் குறை சொல்ல முடியாது. அவை தங்கள் வேலையைச் செய்தன. இரண்டு அணிகளையும் நடுவரையும் ஒரே மந்தையாக வளைத்து க்ளெனிஸ் நின்ற பக்கம் ஓட்டிக்கொண்டு போயின. "ஏய், ச்சீ, போ!" என்று கத்திய மெர்டன் தலைவனின் குதிகாலில் செல்லமாக ஒரு கடி. விசிலுக்குச் சரியாக ஓடிய ஆல்ஃபியை மட்டும் அவை தொடவில்லை. தங்கள் ஆள் என்று நினைத்திருக்கலாம்.

ஆல்ஃபி உதைத்தான். பந்து சேற்றில் குதித்துக் குதித்து என்னை நோக்கி வந்தது. அதன் பின்னாலேயே பிஸ்கட். பந்தும் மூக்கும் சேர்ந்தே கோட்டைத் தாண்டின. அந்த நொடியில் ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது.

6

உதைத்த பந்தை வேறு யாரும் தொடவில்லை என்றால் கோல், ஆறு புள்ளி. நாங்கள் ஜெயித்தோம், அணி பிழைத்தது. யாராவது தொட்டிருந்தால் ஒரு புள்ளி. தோற்றோம், அணி முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"மூக்கு பட்டுச்சுய்யா! நான் பாத்தேன்!" என்று மந்தைக்குள்ளிருந்து கத்தினான் மெர்டன் தலைவன்.

"பட்டா என்ன? பிஸ்கட் எங்க கிளப் உறுப்பினர்!" என்று பதிலுக்குக் கத்தினாள் க்ளெனிஸ்.

(ஐயோ க்ளெனிஸ். சொந்த அணி தொட்டாலும் ஒரு புள்ளிதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

பந்தை எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. காலையிலிருந்து மழை, ஈரமாகத்தானே இருக்கும்.

முடிவு அ: இரண்டு விரல் காட்டுகிறேன், கோல். வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. பொய் சொன்னேனா என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முடிவு ஆ: ஒரு விரல் காட்டுகிறேன். யாரும் திட்டவில்லை. ஹேமிஷ் சட்டையைக் கழற்றி மடித்து

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

முடிவு இ: நாயைக் கதையிலிருந்தே அழித்துவிடுவது. செய்துபார்த்தேன். நாய் இல்லையென்றால் மெர்டன்காரன் பந்தைத் தடுத்துவிடுகிறான்.

ஹேமிஷ் சேறு சொட்ட என்னிடம் வந்தான். "சிட்டோ, எதைக் காட்டினாலும் சரி, பாத்ததைக் காட்டு. நாளைக்கும் உன் மூஞ்சியில நான் முழிக்கணும்."

என் பெயரைப் பாதியாக வெட்டி, என்னை முழுதாகச் சேர்த்துக்கொண்டவர்கள் இவர்கள். இந்த அணி போகக் கூடாது. ஆனால் நான் பார்த்தது, பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்தபோது பிஸ்கட்டின் மூக்கு

இல்லை, என்னால் ஆகாது. இந்தாருங்கள் வெள்ளைக் கோட்டு. கை கொஞ்சம் நீளம், மடித்துக்கொள்ளுங்கள். நடுவர் நாய்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி "எல்லாம் சரி, காட்டலாம்" என்கிறார். மைதானமே உங்கள் கையைப் பார்க்கிறது. ஒரு விரலா, இரண்டு விரலா?

சீக்கிரம். க்ளெனிஸ் மறுபடியும் விரலை வாயில் வைக்கிறாள்.