ஆடு மேடை ஏறிய பிறகு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எழுதுகிறவள் அதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறாள். கோபத்தில் எழுதினால் கதை வராது, புகார்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி, வரிசை மாறாமல் எழுதப் பார்த்தாள். மூன்று தொடக்கங்கள் எழுதினாள்.

முதல் தொடக்கம்: "குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தென்காசிக் கோபுரம் மேகத்துக்குள் பாதி—" அடித்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் பேனா பிடித்த எல்லாரும் சாரலில்தான் தொடங்குகிறார்கள். சாரலுக்கும் நடந்த அநியாயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது: "வயது வந்த பெண்கள் காலைக் காட்சிக்குப் போகலாமா என்ற கேள்வி இன்றைய சமுதாயத்தின் முன்—" இது பட்டிமன்றம். இதையும் அடித்தாள்.

மூன்றாவது: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குழல்வாய்மொழியின் பெயர் சினிமாத் திரையில் வந்தது."

இது இருக்கட்டும்.

(குழல்வாய்மொழியும் எழுதுகிறவளும் ஒருத்திதானா என்று கேட்காதீர்கள். இருவரும் சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறவர்கள். இருவருக்கும் ஒரே கோபம். அது போதும்.)

2

முதலில் படம். அது எப்படிப்பட்ட படம் என்று தெரிந்தால்தான் இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று விளங்கும்.

சீசனுக்கு வரும் வெளியூர்க் கூட்டத்தை நம்பித் தென்காசியில் ஒரு தியேட்டர்க்காரர்கள் ஞாயிறு காலைக் காட்சியாக இங்கிலீஷ் படம் போட்டார்கள். அமெரிக்காவில் ஓடி முடிந்து, ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும் பிரிண்ட். போஸ்டரில் குளியல் உடையில் ஒரு பெண் நின்றாள். அப்படி ஒரு பெண் படத்தில் எந்த இடத்திலும் வரவில்லை. ஒட்டியவர்களுக்கு வெட்கமில்லை, அதைப் பார்த்து இது "அந்த மாதிரிப் படம்" என்று முடிவு கட்டிய ஊருக்கும் வெட்கமில்லை.

படத்தில் வந்தது ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஒரு காலில் சிவப்புக் காலுறையும் மறு காலில் பச்சைக் காலுறையும் போட்டுக்கொண்டு ஒரு பரட்டைத் தலைப் பெண். ஆண்டு விழாவில் அழகு ராணி ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். இந்தப் பெண் தன் ஆட்டைப் போட்டிக்கு நிறுத்திவிடுகிறாள். விதிகளில் எங்கேயும் "மனுஷியாக இருக்க வேண்டும்" என்று இல்லை. ஆடு எதிராளிகளின் சுவரொட்டிகளைத் தின்றுகொண்டே பிரசாரம் செய்கிறது. வாக்கெடுப்பில் ஆடு ஜெயிக்கிறது.

இவ்வளவுதான் கதை. குழல்வாய்மொழிக்கு வசனத்தில் கால்வாசிகூடப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ், வகுப்பில் அடிக்கிற வியாபாரக் கடிதத்து இங்கிலீஷ். அதில் யாரும் சிரிப்பதில்லை. இருந்தும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் மங்களேஸ்வரி, அவளுடைய வகுப்புத் தோழி, இவள் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

ஏன் சிரித்தார்கள்? எழுதுகிறவள் இதைப் பல நாள் யோசித்தாள். அவர்கள் பார்த்து வளர்ந்த படங்களில் நல்ல பெண் நடுவில் அழுவாள், கெட்ட பெண் கடைசியில் அழுவாள். சிரிக்க வைப்பதற்கென்று தனியாக ஒருத்தி இருப்பாள்: குண்டாக, கறுப்பாக, உதை வாங்குவதற்கென்றே. கதாநாயகி சிரிக்க வைக்க மாட்டாள். இந்தப் படத்தில் சிரிக்க வைத்தவளே கதாநாயகி. அவள் எல்லார் முன்னாலும் சாக்கடையில் விழுந்தாள். எழுந்தாள். காலுறை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். நடந்தாள். வயலின் இழுக்கவில்லை. யாரும் புத்தி சொல்லவில்லை. யாருடைய அம்மாவும் சாகவில்லை. ஒரு பிரயோஜனமும் இல்லாத காரியத்தை அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துச் செய்தார்கள்.

குழல்வாய்மொழியின் வாழ்க்கையில் பிரயோஜனம் இல்லாத காரியம் ஒன்றுகூடக் கிடையாது. டைப்ரைட்டிங் வேலைக்கு, வேலை மாப்பிள்ளைக்கு. அருவிக் குளியல்கூட* உடம்புக்கு நல்லது என்பதால்தான்.

* பேரருவியில் பெண்களுக்குக் கம்பி கட்டி ஓரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் நடுவில் விழுகிறது. கதைக்கு இது தேவையில்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

3

ஆடு மேடைப் படியில் முன்னங்காலை வைத்தது. தலைமையாசிரியர் கையில் கிரீடத்தோடு வியர்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு—

திரையின் குறுக்கே எழுத்து விழுந்தது.

"குழல்வாய்மொழி உடனே வெளியே வரவும்."

எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருக்காவது மாரடைப்பு, பிரசவம், சாவு என்று ஆள் தேடி வந்தால், வாசல்காரர் மசூது கரி பூசிய கண்ணாடித் துண்டில் குச்சியால் பெயரை எழுதி அனுப்புவார். அதைப் படத்தின் மேலேயே காட்டுவார்கள். அப்படிப் பெயர் வந்த யாரும் நல்ல சேதிக்காக வெளியே போனதில்லை.

அரைச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆண் கூட்டம் விசிலடித்தது. "குழலு, போயிட்டு வா!" என்று ஒருவன் கத்தினான். அவளுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அப்பாவா, அம்மாவா என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் ஓடினாள். மங்களேஸ்வரி அந்தச் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வாசலில் அண்ணன் பால்வண்ணநாதன் நின்றான்.

"அப்பாவுக்கு என்னண்ணே?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போ."

"அம்மாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லட்டி. ஒனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. பொம்பளப் பிள்ள பாக்குத படமா இது?"

மசூதுக்கே முகம் மாறிவிட்டது. "தம்பி, வீட்டுல உசுருக்கு அவசரம்னுல்லா சொன்னிய? இதுக்குப் போயா சிலைடு கேட்டிய?"

குழல்வாய்மொழி மங்களேஸ்வரி நீட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பாதி டிக்கெட்டை எடுத்து மசூதிடம் காட்டிவிட்டு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவனும் அதே படத்துக்குத்தான் வந்திருக்கிறான். சுவருக்கு மேலாக இவள் தலையைப் பார்த்திருக்கிறான். இவளை விரட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கப் போகிறான்.

4

இந்த இடத்தில் எழுதுகிறவளுக்குச் சந்தேகம் வந்தது. அண்ணனை வில்லனாக்கிவிட்டோமோ? கோபத்தில் வரைந்தால் யார் மூஞ்சியும் கோணலாகத்தான் வரும்.

ஆகவே நியாயத்துக்காக: பால்வண்ணநாதன் பி.காம். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பவன். தங்கையை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றவன் அவன்தான். மழை நாளில் வகுப்பு வாசலில் குடையோடு காத்திருப்பான். அவன் நல்லவன்.

அவன் நல்லவன் என்பதால்தான் எழுதுகிறவளுக்குக் கூடுதலாக எரிகிறது. நல்லவனுக்கே அந்தத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போவதில் ஒரு கூச்சமும் இல்லை என்றால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

5

சாயங்காலம் விசாரணை. அப்பா காந்திமதிநாதன் சுந்தரபாண்டியபுரத்து வயலைப் பார்த்துவிட்டு வருகிற வழியில், டீக்கடையிலேயே சேதி கிடைத்துவிட்டது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் தூணில் சாய்ந்திருந்தான். அம்மா சொக்கம்மாள் அடுக்களை நிலைப்படியில் நின்றாள்.

"என்ன படம்?"

"பள்ளிக்கூடத்துக் கதப்பா. ஒரு ஆட்ட ராணியாக்குதாங்க."

"எத?" என்றாள் அம்மா.

"ஆட்டம்மா."

"கெடாவா, பெட்டையா?"

"பெட்ட."

"நீ சும்மா கெட," என்று அம்மாவை அடக்கினார் அப்பா. "இங்க பாரு, எங்கிட்ட ஒரு கணக்கு உண்டு. நடுவுல என்னமும் நடக்கட்டும். கடைசில தப்புப் பண்ணவங்க திருந்திட்டா அது நல்ல படம். இல்லன்னா கெட்ட படம். அந்தப் பிள்ள கடைசில திருந்துச்சா?"

"அவ ஒண்ணும் தப்புச் செய்யலியேப்பா."

"எட்மாஸ்டர முட்டாளாக்கி ஆட்டக் கொண்டு நிறுத்துனது தப்பில்லியா? கடைசில என்ன ஆச்சு, அதச் சொல்லு. நல்ல படம்னா போயிட்டுப் போவுது. கெட்ட படம்னா நாளைலருந்து கிளாஸும் கெடையாது, பரீட்சையும் கெடையாது. சாயங்காலம் வீட்டுல இரு."

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒரு வருஷமாக அவள் விரல்களுக்குப் பழக்கிய பாடம் முழுவதும் ஓர் ஆட்டின் கால்களில் வந்து நின்றது.

"கடைசி தெரியாதுப்பா. அதுக்குள்ள வெளிய கூப்ட்டுட்டாங்க." தூண் பக்கம் கையை நீட்டினாள். "அண்ணன்ட்ட கேளுங்க. என்ன வெரட்டிட்டு உள்ள போயி மிச்சத்தப் பாத்தது அவன்தான்!"

வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். அப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவன் பாத்தா என்ன? அவன் ஆம்பளப் பய."

(இங்கே ஒரு பக்கம் நீக்கப்பட்டிருக்கிறது. அதில் கதை இல்லை, வசவுதான் இருந்தது.)

"ஏலே, நீ பாத்தியா? அப்ப நீ சொல்லு," என்றார் அப்பா. "எப்படி முடிஞ்சுது?"

பால்வண்ணநாதன் தங்கையை ஒரு முறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆடு மேட ஏறிச்சுப்பா. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்ப அந்தப் பிள்ள எட்மாஸ்டர் மொகத்தப் பாத்துச்சு. பாத்துட்டு... அழுதுட்டா."

"அழுதாளா?"

"ஓன்னு அழுதா. அவரு கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டா. இனிமே ஒழுங்காப் படிக்கேன்னு சொன்னா. அவரும் மன்னிச்சிட்டாரு."

"ஆடு?" என்றாள் அம்மா.

"ஆட்ட வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

அப்பாவின் முகம் தெளிந்தது. "அப்ப நல்ல படம்தான். இத மொதல்லயே சொல்லுதுக்கு என்ன?" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "என்னட்டி, நீயும் முக்காவாசி பாத்திருக்கல்லா? அவன் சொல்லுதது சரிதான? அப்படித்தான முடியும்?"

அவள் தலையை ஆட்டினால் போதும்.

6

எழுதுகிறவள் முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

ஒன்றில் குழல்வாய்மொழி தலையாட்டுகிறாள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறாள். பரீட்சை எழுதுகிறாள், தேறுகிறாள். அண்ணன் பொய் சொல்லித் தங்கையைக் காப்பாற்றிவிட்டான். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் சாக்கடையில் விழுந்தபோதும் அழாத ஒருத்தியை இந்தக் கூடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து அழ வைத்து, காலிலும் விழ வைத்துவிட்டார்கள். அதற்கு இவள் சாட்சி சொல்கிறாள். தன் வகுப்புக்காக.

இன்னொன்றில், "பொய்! அவ அழுதிருக்க மாட்டா!" என்று கத்துகிறாள். எழுதும்போது நன்றாக இருந்தது. மறுநாள் சாயங்காலம், வகுப்பு தொடங்கும் ஐந்தரை மணியை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் அவளுக்குப் பயம். அண்ணன் சொன்னது உண்மையாக இருந்தால்? காலில் விழுந்ததை அவன் சேர்த்திருப்பான். அமெரிக்காவில் யார் காலில் விழுகிறார்கள்? ஆனால் அழுதது? படம் எடுத்தவர்களுக்கும் அப்பாக்கள் இருந்திருப்பார்கள். முக்கால் படத்துக்கு அவளை இஷ்டம்போல ஆடவிட்டுவிட்டு, கடைசியில் தலையைச் சீவி, இரண்டு காலிலும் ஒரே நிறக் காலுறை மாட்டி, வரிசையில் நிறுத்தியிருந்தால்? அப்படியென்றால் குழல்வாய்மொழி யாருக்காகச் சண்டை போடுவாள்?

அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே படப் பெட்டி செங்கோட்டை வழியாகக் கொல்லம் போய்விட்டது. அண்ணனிடம் தனியாகக் கேட்கலாம் என்பீர்கள். அவன் என்ன சொன்னாலும் அது அவன் பார்த்த முடிவு. இவள் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பை அவனால் சொல்லிக் காட்ட முடியாது.

ஆகவே எழுதுகிறவள் இந்தக் கதையை முடிக்கவில்லை. அப்பா கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சுகிறான், தலையை ஆட்டிரு என்று. அம்மா கையில் கரண்டியோடு அசையாமல் நிற்கிறாள். குழல்வாய்மொழி வாயைத் திறக்கிறாள்.

"பொய்" என்று அவளைச் சொல்ல வைக்க உங்களுக்கு ஆசையாக இருக்கும். சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் அப்பாவுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள்.