ஆதாரம் சாரும் அவர் மனைவியின் ஊசியும்

அவள் கணவருக்குக் கட்டுமானக் கம்பெனியில் ஆதாரம் சார் என்றுதான் பெயர். மழை வருது சார் என்று யாராவது ஓடிவந்தால்கூட, "என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு நனைகிற ஜாதி. கான்கிரீட் கட்டிகளை மிஷினில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதித் தருவது வேலை. அந்த மிதப்பில் உலகத்தையே நொறுக்கிப் பார்த்துவிட்டதாக நினைப்பு.

கொரோனா தடுப்பூசி வந்த புதிதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தார்; அதாவது, முதல் பக்கத்தை. ஊசி போட்டுக்கொண்டு வந்த மச்சினனைப் பார்த்து, "வாங்க சோதனை எலி" என்றார். தான் போட்டுக்கொள்ளாததோடு விட்டிருந்தால் அவர் பாடு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற அவளுக்கு ஊசி போட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் அழைப்பையும் அவரே போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது அழைப்பு அவள் கையில் கிடைத்தது. அன்று காலை செருப்பை மாட்டும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மாசம்தான் பார்த்திருக்காங்க. ரெண்டு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு எவனுக்குத் தெரியும்? உன்ன மாதிரி டயாலிசிஸ்ல இருக்கிறவங்கள அந்தச் சோதனையில சேர்க்கவே இல்ல, தெரியுமா?"

கேள்வியில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"டாக்டர்கிட்டயே கேட்டேன். உங்களுக்கு எவ்வளவு வேலை செய்யும்னு உறுதியா சொல்ல முடியாது, நோய் வந்தா என்ன ஆகும்னு சொல்ல முடியும்னாரு. எனக்கு அவரு சொல்லணுமா? எங்க டயாலிசிஸ் ரூம்ல ஆறு பேர் படுப்போம். இப்ப நாலு பேர்."

"ஆறு பேர வெச்சு ஒரு முடிவுக்கு வரக்கூடாது" என்றார், வாத்தியார் குரலில்.

கான்கிரீட் கட்டியை வார்த்த இருபத்தெட்டாம் நாள் நொறுக்க வேண்டும் என்பது விதி. இவர் ஏழாம் நாளே நொறுக்கிவிட்டு, இருபத்தெட்டாம் நாள் எவ்வளவு தாங்கும் என்பதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெருக்கிப் போட்டுக் கையெழுத்து வைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அப்ப நீங்க உடைக்காத கட்டிக்கு ரிசல்ட் எழுதுறது?"

"அது அனுபவம்!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இவரோடு பேசி ஜெயித்தவர் கிடையாது.

"நீங்க பொறுத்திருந்து பார்க்கலாம். உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்கு இல்லீங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனாள். ஊசி போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துத் தனியாகவே திரும்பினாள். கை கனத்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், முகம்கூடக் கழுவாமல் தெர்மாமீட்டரும் நோட்டுமாக அவள் கட்டிலருகே உட்கார்ந்தார். நாள், நேரம், உஷ்ணம் என்று கோடு போட்டுத் தயாராக இருந்தது நோட்டு.

"மணிக்கு ஒரு தடவை குறிச்சிடலாம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம கையில விவரம் இருக்கும்."

எப்படியிருக்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எழுந்து அவருடைய தலையணையையும் போர்வையையும் சுருட்டிக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"என்னடி இது?"

"மாஸ்க் போடாம தினம் அம்பது பேரோட நின்னு பேசிட்டு வர்றீங்க. ஊசியும் போட்டுக்க மாட்டேங்கிறீங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊசியால ஆகாது, உங்களால ஆகும்."

நோட்டோடு நின்றவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். இருபது வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தாழ்ப்பாளைப் போட்டாள்.