அடிப்பக்கம் முதலில்

கிறிஸ்துமஸ் மரம் விற்கிற இடத்தில் அவர் ஒரு குட்டை மரத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். மரம் அவருடைய மார்பு வரைதான் வந்தது. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம் என்றார். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.

அவருடைய மனைவி மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் அளவான மரத்தை எடுத்ததில்லை. சோபா, கட்டில், பீரோ என்று வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய் இறக்குகிற வேனை ஓட்டியவர். எவ்வளவு குறுகலான படிக்கட்டாக இருந்தாலும் எதையும் ஏற்றிக் காட்டுவார், சுவரில் ஒரு கீறல் விழாது. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கே பீரோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பீரோவுக்கு மரம் என்றால் வீட்டுக் கூரையை இடிக்க வேண்டும். துணிகளைப் பிரித்து அளவு திருத்தித் தைக்கிற கடை வைத்திருந்த அவள், அளவு நாடாவும் கையுமாக நின்று, இது நம் வீட்டுக்குள் நிற்காது என்று கத்துவாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்து அடியை ரம்பத்தால் அறுப்பார். விழுந்த வட்டத் துண்டை அவள் சமையலறைக்கு எடுத்துப் போவாள். சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க அந்த வீட்டில் வேறு எதையும் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது.

குட்டை மரத்துக்கு ரம்பம் வேண்டாம். அறுக்க ஆளும் வேண்டாம். அவள் ஒருத்தியே வாங்கி, தூக்கி, நிறுத்திக்கொள்ளலாம். இந்த வருடம் மட்டுமில்லை, அடுத்த வருடமும்தான். அவருடைய கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இனி வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. வெளியூரில் படிக்கிற மகளிடம் மட்டும் சொன்னாள். மகள் இன்று சாயங்காலம் வருகிறாள். யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள், அவருடைய நெஞ்சு அவரிடம் பேசாது என்பதுபோல.

அவள் விறுவிறுவென்று வரிசையின் கடைசிக்குப் போய், அங்கிருந்ததிலேயே உயரமான மரத்தின்மேல் கை வைத்தாள். மரம் விற்கிறவர் வருடா வருடம் இவர்கள் சண்டையைப் பார்த்துப் பழகியவர். இந்தத் தடவை இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டதைக் கண்டு சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் கயிறு எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"இதை யாரு அறுக்கிறது?" என்றார் அவர்.

"நீங்கதான்."

"தையக்காரி, அடம் பிடிக்காதே."

"இன்னைக்கு முடியலன்னா நாளைக்கு அறுங்க. நாளைக்கும் முடியலன்னா அடுத்த வாரம். அதுவரைக்கும் அது பாட்டுக்குச் சாஞ்சு கிடக்கட்டும். நான் யாரையும் தொட விடமாட்டேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குட்டை மரத்தை விட்டுவிட்டு, பிசின் ஒட்டிய விரல்களைப் பேன்ட்டில் துடைத்தபடி பெரியதையே கட்டச் சொன்னார். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். வீட்டில் அறுக்க வேண்டிய மரம் ஒன்று காத்துக்கொண்டிருக்கும்போது அந்த மனிதரை யாரும் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை அவளுக்கு. வேறு எந்த நம்பிக்கையும் கைவசம் இல்லை.

வேனை அவள்தான் ஓட்டினாள். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் குறை சொல்கிறவர் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. ஓர் இடத்தில் வேண்டுமென்றே கறகறவென்று சத்தம் வரும்படி மாற்றினாள். அப்போதும் திட்டு விழவில்லை.

வீடு முதல் மாடியில். படிக்கட்டு பாதியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் அவர் சுவரில் கையூன்றி மூச்சு வாங்கினார். கீழ் வீட்டு பஸ் டிரைவர் வேலை முடிந்து வரட்டும், அவரைத் துணைக்குக் கூப்பிடலாம் என்றார். அவள் காத்திருக்கத் தயாராக இல்லை. மகள் வருவதற்குள் மரம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவரை வாசலுக்கு நேரே நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

வேன் கூரையிலிருந்து கயிற்றை அவிழ்த்ததும் கிளைகள் விரிந்துகொண்டன. அடிமரத்தைப் பிடித்துப் பின்னுக்கு நடந்தபடி ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றினாள். இதுவரை அடிப்பக்கம் என்றைக்கும் அவருடையது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடந்து வீட்டுக்குள் நுழைவார். அவள் நுனியைத் தாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடியே போவாள். இன்றைக்கு இப்படியே நுழைந்தால் அவருக்கு முதுகைத்தான் காட்ட முடியும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. மரத்தின் அழகான பக்கம் அவர் கண்ணில் முதலில் படட்டும் என்று, முக்கி முனகி அதை வாசலில் முழுசாகத் திருப்பி, நுனியை உள்ளே விட்டுத் தள்ளினாள்.

பாதி போனதும் சிக்கிக்கொண்டது. கிளைகள் இரண்டு பக்கமும் கதவு நிலையில் முட்டி வளைந்தன.

"தையக்காரி," என்றார் உள்ளேயிருந்து. "அடிப்பக்கம் முதல்ல."

"இதோ, வந்திடுச்சு. இன்னும் கொஞ்சந்தான்."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தள்ளத் தள்ள இறுகியது. கிளைகளின் இடுக்கு வழியாக அவருடைய ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது.

"வெளியே இழு. அடிப்பக்கம் முதல்ல." குரல் மெலிந்திருந்தது. அதில் கோபம் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்.

இழுத்தாள். வரவில்லை. இருங்க, எழுந்து வராதீங்க என்று சொல்லிக்கொண்டே மறுபடி இழுத்தாள். பதில் இல்லை. "என்னங்க?" என்றாள். செருப்பு அப்படியே இருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு மரத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாள். அடியில் புகப் பார்த்தாள். கைக்கு வந்த கிளைகளையெல்லாம் முறித்தாள். கை கிழிந்தது. ஒரு மரம் அவளுடைய சொந்த வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அடம் பிடித்து அதை வாங்கி வந்தவள் அவள்தான். யாராவது வாங்களேன் என்று படிக்கட்டைப் பார்த்து அலறினாள்.

பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு ஓடிவந்தார். இரண்டு பேருமாக இழுத்ததில், நிலையின் பெயின்ட்டை உரித்துக்கொண்டு மரம் வெளியே வந்து விழுந்தது. அவள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவர் மடியில் ரம்பம் இருந்தது. அவள் கீழே போயிருந்தபோது எழுந்து நடந்து, அலமாரிக்கு அடியிலிருந்து அதை எடுத்து வந்திருக்கிறார். துருவைத் துடைத்த துணி விரல்களுக்கு நடுவே இருந்தது. தலை தோளில் சாய்ந்திருந்தது.

"எழுந்திருங்க," என்று அவர் தோளை உலுக்கினாள். "அறுக்கணும்ல? எழுந்திருங்க."

பஸ் டிரைவர் டாக்டருக்குப் போன் செய்தார். வருகிறவர்களுக்கு வழி வேண்டுமே என்று மரத்தையும் அவரே உள்ளே எடுத்து வந்தார். அடிப்பக்கம் முதலில் வந்தது. கிளைகள் தாமாக மடங்கிக்கொடுக்க, மரம் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவர் அதைச் சுவரில் சாய்த்தபோது நுனி கூரையில் இடித்து வளைந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"அடிப்பக்கம் முதல்லன்னு சொன்னார்."

மகளுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பயந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன மரத்தை எடுத்திருந்தா பக்கத்துல இருந்திருப்பேன்டி," என்றாள் அவள்.

ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆட்களை, சேதி கேட்டு வந்திருந்த அவருடைய வேன் கூட்டாளிகள் நான்கு பேர் தொட விடவில்லை. பீரோவை நாங்கதான் இறக்குவோம் என்று ஒருவர் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் குறுக்கே மாட்டிக்கொண்டது. இழு, தூக்கு, விடு என்று சொல்ல வேண்டிய ஆளின் முகம் மூடியிருந்தது. முன்னால் நின்றவர் பழக்கத்தில் அண்ணாந்து மேலே பார்த்தார்.

அவள் மாடிப்படிக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பின்னால வாங்க," என்றாள். "கால் பக்கம் முதல்ல திரும்பட்டும். தலைப்பக்கம் தூக்குங்க. இன்னும். அவசரம் வேணாம்."

சொன்னபடி செய்தார்கள். திருப்பம் கடந்து, கீழே கதவு திறந்து, வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் திருப்பம் வரை இறங்கிப் போய்ச் சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை.